லகாட் வீட்டுப் பால்

நம்ப மாட்டேன் என்பவர்களிடம் தீபன் சண்டைக்குப் போவதில்லை. வலதுகைச் சுட்டுவிரலை மட்டும் நீட்டிக் காட்டுவான். தோல் வெந்து சுருங்கி, நகம் பாதிதான் இருக்கும். வெல்டிங் வேலையில் பட்டதா என்று கேட்பார்கள். இல்லை. நாலு மாசக் குழந்தையின் வாய்க்குள் விட்டு எடுத்தபோது வெந்த விரல் அது. பட்டப்பகலில் நடந்தது.

தீபனுக்குச் சொந்த ஊர் தாராபுரம். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தபோது, அங்கே வேலை பார்த்த கலாதேவியோடு பழகிக் கல்யாணம் செய்துகொண்டான். கலா மலேசியாவின் பேராக் மாநிலத்துக்காரி. வயிற்றில் பிள்ளை தங்கியதும் ஈப்போவில் வேலை தேடிக்கொண்டு ஊர் திரும்பினாள். அவள் பின்னாலேயே இவனும் வந்தான்.

வந்தவனுக்கு வேலை செய்ய அனுமதி இன்னும் வரவில்லை. பிள்ளை பிறந்து, கலாவின் விடுப்பும் முடிந்தது. காலையில் அவள் காரை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போவாள். இவன் பாப்பாவோடு வீட்டில் இருப்பான். குளிப்பாட்டுவது, சமைப்பது, கலா எடுத்து வைத்த தாய்ப்பாலை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிப் புகட்டுவது எல்லாம் இவன்தான். கடைக்குப் போனால், "பசியாறியாச்சா? இந்தியாவா? இங்க என்ன வேலை?" என்று கேட்பார்கள். பிள்ளை பார்க்கிறேன் என்றால் சிரிப்பார்கள். அதையும் பொறுத்துக்கொண்டான்.

வீடு ஈப்போவை அடுத்த லகாட் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தில். ஒரு காலத்தில் அது தொழிலாளர்கள் குடியிருந்த லயம், வரிசை வீடுகள். கடைசி வீடு மட்டும் கலாவின் அப்பா சதாசிவத்தின் பெயரில் இருந்தது. அவர் அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால் வெட்டியவர். வாலிப வயசிலேயே வீட்டைப் பூட்டிவிட்டு தெலுக் இந்தானுக்குப் போனவர், திரும்பவில்லை. கலா பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். இந்த வீட்டில் அவள் ஒருநாள்கூடத் தூங்கியதில்லை. சும்மாதானே கிடக்கிறது என்று சாவி கேட்டாள். அப்பா ரொம்ப யோசித்துத்தான் கொடுத்தார்.

இப்போது அங்கே ஒரு ரப்பர் மரம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள்.

தீபனுக்கு மூக்கு கூர்மை. புது நாட்டில் அது பெரிய தொல்லை. சந்தையில் பிளாச்சான் என்னும் இறால் விழுதின் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்வான். கலா டுரியான் வாங்கி வந்த அன்று வெளியே போய் உட்கார்ந்துகொண்டான்.

"உங்களுக்கு எங்க ஊரே நாத்தம் லா," என்று கலா ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

அது அவனைச் சுட்டது. இனி எதையும் நாற்றம் என்று சொல்லக்கூடாது என்று முடிவு செய்தான். அதனால்தான் சமையலறையில் அந்த வாடை வந்தபோது வாயைத் திறக்கவில்லை.

புளித்த மோரும் அழுகிய மீனும் சாணியும் ஒன்றாகக் கிடந்து வெந்த மாதிரி ஒரு வாடை. பின்பக்கம், பாத்திரம் கழுவும் மூலையில் இருக்கும் சாக்கடைத் துவாரத்திலிருந்து வந்தது. கலாவுக்குத் தெரியவில்லை. அவள் போன பிறகுதான் வரும்.

பிளீச் ஊற்றினான். வெந்நீர் ஊற்றினான். போகவில்லை. கடைசியில் கம்பியை விட்டுக் குடைந்தான். ஏதோ சிக்கியது. இழுத்தால்... வெள்ளையாக, வழுவழுவென்று, ஒரு சவ்வு. இழுக்க இழுக்க நீண்டது. கையை விட்டதும் பட்டென்று துவாரத்துக்குள் திரும்பிப் போய்விட்டது.

யாரோ உள்ளேயிருந்து இழுத்துக்கொண்ட மாதிரி.

அங்கேயே வாந்தி எடுத்தான்.

மறுநாள் பால். ஊர்க் காப்பிக்கு நாக்கு செத்துப்போய், தோட்டத்தில் மாடு வைத்திருக்கும் நவமணி அக்காவிடம் தினமும் பால் வாங்கிக்கொண்டிருந்தான். அடுப்பில் வைத்த பால் பொங்கவே இல்லை. எட்டிப் பார்த்தான். திரியவும் இல்லை. பாத்திரத்தின் வடிவத்திலேயே ஒரே கட்டியாக உறைந்திருந்தது. கரண்டியால் குத்தினான். கரண்டி எகிறியது. கவிழ்த்தால் தொப்பென்று மேடையில் விழுந்து ஆடியது. சுற்றிலும் மஞ்சள் தண்ணீர். அதே வாடை.

கட்டியைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டு எடுத்துக்கொண்டு நவமணி வீட்டுக்குப் போனான்.

"என்னங்க்கா பால் இது? பாருங்க."

நவமணிக்கு அறுபது வயசிருக்கும். குனிந்து முகர்ந்தாள். விரலால் அழுத்தினாள். முகம் மாறியது.

"இது எங்க கெடச்சுச்சு தம்பி?"

"நீங்க குடுத்த பாலுங்க்கா."

"என் பாலா? இது மாட்டுப் பாலே இல்ல. கட்டிப்பாலு. மரத்துப் பால்ல ஆசிட்ட ஊத்தி ஒறைய வைப்போம், அந்தக் கட்டி. நான் வெட்டாத பாலா? இந்த வாடை தெரியாதா எனக்கு?"

"ரப்பரா? இங்க ஏதுங்க்கா ரப்பரு?"

 கேனில் மிச்சமிருந்த பாலை ஒரு டம்ளரில் ஊற்றி, அவன் முன்னாலேயே மடமடவென்று குடித்தாள்.

"என் பாலுல குத்தமில்ல. நீங்க எந்த வீடு? சதாசிவம் வீடா?"

"ஆமாங்க. மருமகன்."

நவமணி டம்ளரைக் கீழே வைத்தாள். "நாளையிலேர்ந்து பால் இல்ல தம்பி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு கடையில் பெட்டிப் பால் வாங்கினான். அதுவும் உறைந்தது. ஞாயிற்றுக்கிழமை கலாவுக்காகத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கோழிக்கறி வைத்தான். ஆசையாக ஒரு வாய் எடுத்து வைத்தவள் மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். பிறகு வாயிலிருந்து எடுத்தாள். பல்லில் ஒரு முனை, விரலில் ஒரு முனை. நடுவில் வெள்ளையாக முழ நீளம்.

"அலாமாக்! என்ன போட்டீங்க இதுல?"

"கலா... இந்த வீட்ல என்னமோ இருக்கு."

"என்ன இருக்கு? இங்க இருக்கப் புடிக்கலன்னா நேரா சொல்லுங்க. இப்படியெல்லாம் செய்யாதீங்க."

அவன்தான் செய்தான் என்று நினைத்துவிட்டாள். அன்று இரவு அவள் பாப்பாவோடு முன்னறையில் படுத்தாள். இவனுக்குப் பயம் வேறு எதிலோ இருந்தது. அவள் எடுத்து வைக்கும் பாலுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. இதுவரை.

அதற்கு மூன்றாம் நாள் உச்சிவெயில். பாப்பா பசியில் அழுதது. ஐஸ் பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்தான். சூடாக்கினான். குலுக்கிப் பார்த்தான். கையில் சொட்டு விட்டுப் பார்த்தான். நக்கியும் பார்த்தான். நல்ல பால்.

மடியில் போட்டுப் புகட்டினான். பாப்பா சப்புக் கொட்டிக் குடித்தது. பாதி பாட்டில் இறங்கிவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

அப்போது அந்த வாடை வந்தது.

இந்த முறை சமையலறையிலிருந்து இல்லை. மடியிலிருந்து. பாப்பாவின் வாயிலிருந்து.

குனிந்து பார்த்தான். பாப்பா சப்பவில்லை. கண் இரண்டும் பிதுங்கியிருந்தன. உதடு நீலம். பாட்டிலை உருவினான். வரவில்லை. வாய்க்கும் பாட்டிலின் காம்புக்கும் நடுவே வெள்ளைக் கயிறு.

பாட்டிலை வீசினான். வாய்க்குள் விரலை விட்டான். விரல் எரிந்தது. நெருப்பில் வைத்த மாதிரி எரிந்தது. விடவில்லை. பிடித்து இழுத்தான்.

வந்தது.

வந்துகொண்டே இருந்தது. சூடாக. வழுவழுவென்று. அவன் மடியில் சுருள் சுருளாக விழுந்தது. இவ்வளவு சின்ன வயிற்றுக்குள்ளா இத்தனை நீளம்...

ப்ளக்.

முனை வெளியே வந்தது. பாப்பா மூச்சை இழுத்து வீறிட்டது. அந்த அழுகையைப் போல நல்ல சத்தத்தை அவன் வாழ்க்கையில் கேட்டதில்லை.

அழுத பாப்பா சட்டென்று நிறுத்தியது.

அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தது.

சமையலறையில் சத்தம்.

உவ்வே... உவ்வே...

திரும்பினான்.

சாக்கடைத் துவாரத்தின் முன்னால் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முதுகு தெரிந்தது. தலையில் துணி கட்டியிருந்தாள். முழுக்கைச் சட்டை, அழுக்குக் கைலி. குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள். எதுவும் கீழே விழவில்லை. நூல் நூலாகத் தொங்கியது.

அவன் பாப்பாவை இறுக்கிப் பிடித்தான்.

அவள் மெல்லத் திரும்பினாள்.

மூக்குக்குக் கீழே முகம் இல்லை. உதடு இல்லை. முகவாய் முழுக்க வெந்து வெள்ளையாக வழிந்து கிடந்தது. பல் தெரிந்தது.

கண் மட்டும் நன்றாக இருந்தது. பாப்பாவைப் பார்த்தது.

அந்த வெந்த வாய் அசைந்தது.

"ஊத்தாத..."

கெஞ்சல். மிரட்டல் இல்லை.

"ஊத்தாத... ஊத்தாத..."

ஓடினான். செருப்பில்லாமல், கதவைக்கூட மூடாமல், பாப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நவமணி வீட்டு மாட்டுக்கொட்டகையில் போய்த்தான் நின்றான்.

கலா வந்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் பாப்பாவின் வாயை, தொண்டையை, எல்லாம் விளக்கடித்துப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. தீபனின் விரலைப் பார்த்துத்தான் திடுக்கிட்டார். ஆசிட் பட்ட புண் என்றார். எந்த ஆசிட் என்று கேட்டார்.  அவன் சட்டையில் ஒட்டிக் கிடந்த வெள்ளைச் சுருளைக் கலா தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே தெலுக் இந்தானுக்குப் போனார்கள். சதாசிவம் தனியாகத்தான் இருந்தார். கலாவின் அம்மா இறந்து சில வருசம் ஆகிறது. சாப்பிடும்போது கலா எல்லாவற்றையும் சொன்னாள். கிழவர் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அது ஏதாச்சும் பேசுச்சா மாப்ள?" என்று மட்டும் கேட்டார்.

"ஊத்தாதன்னு சொல்லுச்சுங்க மாமா."

பிசைந்த கை நின்றது.  பிறகு எழுந்து போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"அந்த வீட்ட இடிச்சிரலாம்," என்றார்.

இரண்டு நாள் கழித்து, சாமான்களை எடுக்கத் தீபன் லாரியோடு லகாட் போனான். பாப்பாவைத் தாத்தாவிடம் விட்டுவிட்டு, கலா வேலைக்குப் போயிருந்தாள். ஆட்கள் சாமான் ஏற்றினார்கள். தீபன் உள்ளே போகவில்லை. ரோட்டிலேயே நின்றான். நவமணி வந்தாள்.

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும் தம்பி. வாய் வரல."

"யாருங்க்கா அது?"

"காளியம்மா. உங்க மாமனாரோட மொத சம்சாரம். கலாவோட அம்மாவக் கட்டுறதுக்கு முன்னாடி. அந்தப் புள்ளைக்கே தெரியாது போல."

"எப்படிச் செத்தாங்க?"

"கைக்கொழந்தைக்காரி. ரப்பர் பாலுக்கு ஊத்துற ஆசிட்டக் குடிச்சிட்டான்னு சொன்னாங்க. கொழந்தைக்கு பால்ல கலந்து குடுத்துட்டு, தானும் குடிச்சிட்டாளாம். பாவி, புள்ளையக் கொன்னவள்னு ஊரே காறித் துப்புச்சு. யாரும் கிட்ட வரல. நானும் எங்கம்மாவுந்தான் குளிப்பாட்டுனோம்."

லாரிக்காரன் போகலாமா என்று கேட்டான். தீபன் கையைக் காட்டி நிறுத்தினான்.

நவமணி குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு கன்னத்துலயும் வெரல் தடம் இருந்துச்சு தம்பி. தாடைய அழுத்திப் புடிச்ச மாதிரி. கைல கயித்துத் தடம். தானாக் குடிச்சவளுக்கு அதெல்லாம் எப்படி வரும்? எங்கம்மா, பேசாம குளிப்பாட்டுடின்னு என் வாயப் பொத்திட்டாங்க. அன்னைக்குப் பொத்துனதுதான்."

தீபன் லாரியில் ஏறி உட்கார்ந்தான். லகாட்டிலிருந்து தெலுக் இந்தான் அவ்வளவு தூரமா? வழியெல்லாம் சதாசிவத்துக்குப் போன் போட்டுக்கொண்டே போனான். மணி அடித்தது. எடுக்கவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் சதாசிவம் பாப்பாவை மடியில் போட்டுப் பாட்டிலில் பால் புகட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பாட்டில். இன்னொரு கையின் விரல்கள் பாப்பாவின் இரண்டு கன்னத்திலும் இருந்தன. பாப்பா நன்றாகத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

தீபன் உள்ளே பாய்ந்தான். பாப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து லாரியில் ஏறினான்.

இப்போது ஈப்போவில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறார்கள். தீபனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அங்கே பால் பொங்குகிறது. ஆனால் தெலுக் இந்தானுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வீட்டில் சண்டை.

"எங்கப்பா தூக்க வந்தா மட்டும் ஏன் இப்படிப் புள்ளையப் புடுங்குறீங்க? வயசான மனுசன், மனசு கஷ்டப்படாதா?" என்று கலா கேட்கிறாள். நவமணி சொன்னதைத் தீபன் அவளிடம் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது?

அழுதும் கேட்டிருக்கிறாள். கோபித்துக்கொண்டும் கேட்டிருக்கிறாள்.

சதாசிவம் மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.