தம்பி கொண்டுவந்த கொடுவா

எனக்குப் பொறுமை குறைவு. ஆனால் மட்டக்களப்பு வாவி மீன்களின் நோயெதிர்ப்புச் செல்களை ஆய்வுகூடத்தில் வளர்க்கும் என் வேலையில் பொறுமைதான் சோறு போடுகிறது. மீன் உயிரோடு வரவேண்டும். இந்தச் செல்கள் உண்டாகும் இடமான அதன் சிறுநீரகத்தின் முன்பகுதியை எடுத்து, செல்களைப் பிரித்து, குடுவையில் இட்டு, ஊட்டநீர் மாற்றி மாற்றிக் காப்பாற்ற வேண்டும். பிறகு ஈஸ்ட் கொடுத்துப் பார்ப்போம். செல்கள் அதைச் சுறுசுறுப்பாக விழுங்கினால் மீனுக்குச் சுகம். சும்மா கிடந்தால் மீனிலோ அது நின்ற தண்ணீரிலோ ஏதோ பிழை.

மீன் கொண்டுவந்து தந்தவன் என் தம்பி. வாவியில் வலைக்கூடு கட்டிக் கொடுவா மீன் வளர்த்தான். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப்போயின. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருவான். என்னுடையதைக் கொடுக்க ஓடினேன், பொருந்தாது என்றுவிட்டார்கள். அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவுக்காரரிடம் எடுக்கமாட்டோம் என்று அவரைச் சோதிக்கவே இல்லை. வீங்கிய காலோடு அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு வரும்போது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். ஏசுவேன். செத்த மீன் உனக்குச் சரிவராதே, நான் வராட்டி மறுகா ஆர் உசிரோட கொண்டுவாற என்று கேட்பான்.

ஒருநாள் நுண்ணோக்கியில் அவனுக்குச் செல்களைக் காட்டினேன். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, மீன்ட கிட்னிய வளக்கிறாய். எனக்கும் ஒண்டு வளத்துத் தாவன்."

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். இது சிறுநீரகம் இல்லையடா, கிருமியை விழுங்குகிற செல் மட்டும்தான் என்று விளக்கத் தொடங்கினேன். தெரியும், சும்மா கேட்டன் என்றான். சும்மா கேட்கவில்லை. அக்கா படிச்சவ, ஒரு வழி கண்டுபிடிப்பா என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தான். பாழாய்ப்போன படிப்பு.

மழை தொடங்கிய மாதத்தில் அவன் போய்விட்டான். அவன் கடைசியாகக் கொண்டுவந்த கொடுவாவின் செல்கள் அப்போது குடுவையின் அடியில் நன்றாக ஒட்டிப் படர்ந்திருந்தன. செத்தவீட்டில் இருந்த நாட்களில் ஊட்டநீர் மாற்றச் சொல்லி ஒருவரிடமும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எட்டாம் நாள் சடங்கு முடிந்து ஆய்வுகூடத்துக்குப் போனேன். செல்கள் எல்லாம் செத்துக் கழன்று மிதந்தன. குளோரின் ஊற்றிக் கொட்டிவிட்டுக் குடுவையைக் கழுவினேன். கழுவக் கழுவ அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் காத்திருந்தார்.

"மனே, தம்பி கடைசியாக் கொண்டுவந்த மீன்ட அது, இன்னும் உசிரோடயா இருக்கு?"

அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஓம் அம்மா என்றேன்.

"அப்ப அதையாவது சாக விட்டிராத."