வெள்ளிக்கிழமைப் பருப்பு

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே சமையல் நாகேஸ்வரி. சைவக்காரி, வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி தொடமாட்டாள். கொரியா, கென்யா, நேபாளம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து படித்த மாணவர்கள் அதை, வடக்கில் நடக்கும் சண்டை ஓயவேண்டி இந்நாட்டுச் சபை பிடிக்கும் நோன்பென்று நம்பிப் பயபக்தியோடு பருப்பும் சோறும் சாப்பிட்டார்கள். உண்மை தெரிந்த கல்லூரிப் போதகரும் அவர்களோடு அதையே சாப்பிட்டார்.

ஒரு வெள்ளி காலை, அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசத்தைக் கண்ட பொலிசார், சந்தைக்குப் போனவளைச் சந்தேகத்தில் நிலையத்துக்குக் கொண்டுபோய் இருத்திவிட்டார்கள். பின்னேரம் போதகர் போய்க் கூட்டிவந்தார்.

"பிள்ளையள் சாப்பிட்டவையோ?" என்றபடி குசினிக்குள் நுழைந்தாள். அவளுக்கென்று, மாணவர்கள் தாங்களே சமைத்த சோறும் பருப்பும் மூடிவைத்திருந்தது.

"அக்கா, மீன் இல்லை. இண்டைக்கு நோன்பு. சண்டை முடியவேணும்" என்றான் கென்யாக்காரன், தெரிந்த தமிழில்.

நாகேஸ்வரி கை கழுவி உட்கார்ந்தாள். கருகிய பருப்பை மிச்சம் வையாமல் சாப்பிட்டாள். அடுத்த வெள்ளியிலிருந்து அவளும் சண்டை ஓயவேண்டுமென்றே நேர்ந்து உலை வைத்தாள்.