நனைந்து வந்தவர்கள்

சாரல் காலத்தில் தென்காசிக்காரர்கள் போனைப் பார்த்துவிட்டு அருவிக்குக் கிளம்புவதில்லை. போனில் வரும் வீடியோ போன வருஷத்து வெள்ளமாக இருக்கும். நம்பிப் போனால் வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நாங்கள் குற்றாலம் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களைப் பார்ப்போம். தலையும் துண்டும் சொட்டச் சொட்ட இறங்கினால் அருவியில் தண்ணீர் விழுகிறது என்று அர்த்தம்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் என் அக்கா, தொழில்நுட்பச் செய்திகளையும் இப்படித்தான் பார்ப்பாள். எனக்கோ எதைப் படித்தாலும் உடனே பற்றிக்கொள்ளும்.

"அக்கா, இனி புரோகிராம் எல்லாம் செயற்கை நுண்ணறிவே எழுதிருமாம். உன் வேலை போச்சு" என்றேன் ஒரு காலையில்.

தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "யாரு சொல்லுதா?" என்றாள்.

"அதை விக்கிற கம்பெனிக்காரன்."

"அவன் சொல்லத்தான் செய்வான். நனைஞ்சிட்டு வந்தவங்க யாராவது சொன்னாவளா, ஏட்டி?"

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் கேலியோடு நிறுத்திக்கொள்கிறவள் இல்லை அவள். அன்றிலிருந்து மாலைதோறும் அந்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவியோடு உட்கார்ந்து, மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சிகளை அதற்கும் கொடுத்தாள். தப்பு செய்தபோது திட்டினாள். சரியாகச் செய்தபோது மனசாரப் பாராட்டினாள்.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் லேப்டாப்பை மூடிவிட்டு வந்தாள்.

"ஏட்டி, நான் நனைஞ்சிட்டு வந்துட்டேன். தண்ணி விழத்தான் செய்யுது."

என் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு, "ஆனா நீ சொன்ன மாதிரி ஐந்தருவி இல்ல. நம்ம வீட்டுக் குழாய்" என்றாள்.

சின்னச் சின்ன வேலைகளுக்கு அந்தக் குழாயை அவள் இப்போது தினமும் திறக்கிறாள். ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான்தான் இன்னும் பஸ்ஸே ஏறவில்லை.