என் பேருக்கு ஒரு அர்ச்சனை

தொண்ணூறுகளில் கல்யாணமாகி ராஜபாளையத்திலிருந்து சிகாகோ போனேன். நாங்கள் கிறிஸ்தவர்கள். கர்ப்பமான மூன்றாம் மாதம், கரு தங்குவது சந்தேகம் என்றார் டாக்டர்.

பக்கத்து வீட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கா, "ஏட்டி, எம்புட்டு நேரம்தான் அழுவ? வா" என்று பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய், என்னை முன்னால் நிறுத்தி, என் பேருக்கு அர்ச்சனை செய்யும்படி அர்ச்சகரிடம் சொன்னாள். அவர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். பேரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது.

"எங்க ஊர்ப் புள்ள, சாமி. என் நட்சத்திரத்தையே சொல்லுங்க" என்றாள் அக்கா.

மந்திரத்துக்கு நடுவே என் பேர் கேட்டது. கைகூப்பி நின்ற நான் முணுமுணுத்ததோ, "இயேசுவே" என்றுதான். செய்வது சரியா, பாவமா? ஒன்றும் புரியவில்லை.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். யாருக்கு நன்றி சொல்வதென்று இன்றும் தெரியவில்லை. ரெண்டு பேருக்குமே சொல்லிவிடுகிறேன்.