அம்மா இறந்த அன்று நடவு நடந்த வயல்

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து பந்தலில் அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். இப்படிப்பட்ட நினைவு மலர்களில் மறைந்தவரின் பொறுமையைப் பற்றித்தான் முதலில் எழுதுவார்கள். எங்கள் அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. அவர் வயிற்றில் பிறந்த எனக்கும் கிடையாது. ஆகவே இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நினைவு நாளில் இவ்வளவு கடுமை எதற்கு என்று நினைப்பவர்கள், முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு படிக்கலாம்.

அம்மா இறந்த மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் பெயரில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ‘தோழரின் துணைவியார் மறைவுக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே சங்கத்து ஆண்களின் படங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். இறந்தவரின் படம் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது. அம்மா எங்கள் அப்பாவின் மனைவிதான். அதில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவருக்கு அது ஒன்றுதான் அடையாளமா? அந்த ஃபிளெக்ஸுக்குப் பதிலாகத்தான் அம்மாவின் வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். தாத்தா பண்ணையாள். அதனால் தாத்தாவின் பிள்ளைகளும் பண்ணையாட்கள். பால் பற்கள் விழுவதற்கு முன்பே அம்மா பண்ணை வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளினார். “பள்ளிக்கூடத்துக் கூரையைப் பாத்திருக்கேன். உள்ள என்ன இருக்குன்னு பாத்ததில்ல” என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஏக்கம் இருக்காது, எரிச்சல்தான் இருக்கும்.

பாபநாசத்தை அடுத்த இந்த ஊருக்கு அவர் வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பா நாற்றுப் பறிக்கும் தொழிலாளி, இங்கே சங்கத்தின் கிளையைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தத் தலைமுறை செய்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன். பண்ணையார்கள் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியும் சாணிப்பாலும் எங்கள் தெருவை விட்டுப் போனது அவர்களால்தான். இன்று நாம் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கும் இந்த மனைகூட அவர்கள் அடிவாங்கிப் பெற்றதுதான். ஆனால் அடிவாங்கியவர்களில் பாதிப் பேர் புடவை கட்டியிருந்தார்கள் என்பதை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அம்மா நடவில் முதல் ஆள். தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நடவுப் பெண்கள் வயலில் ஒரே வரிசையாக நின்று, குனிந்து நட்டபடியே பின்னோக்கி நகர்வார்கள். வரப்போரம் நிற்கும் முதல் ஆள் குனிந்தால்தான் மற்றவர்கள் குனிவார்கள். அவர் நிமிர்ந்தால் எல்லோரும் நிமிரலாம். யாருக்கு உடம்பு முடியவில்லை, யாருக்குப் பால் குடிக்கும் பிள்ளை இருக்கிறது என்று பார்த்து வேகத்தை வைப்பதும் அவர் பொறுப்புதான்.

ஒரு சம்பா நடவுக்கு முன்னால் சங்கம் கூலி உயர்வு கேட்டது. வேலைநிறுத்தத்தில் ஆண்களும் பெண்களும் சேர்ந்தே பட்டினி கிடந்தார்கள். பேச்சுவார்த்தைக்கு மட்டும் ஆண்கள் போனார்கள். போய் வந்தபோது நாற்றுப் பறிக்கும் ஆண்களுக்குக் கூலி உயர்ந்திருந்தது. நடும் பெண்களுக்குப் பழைய கூலிதான். அதற்கு ‘வெற்றி வெற்றி’ என்று கோஷம் வேறு போட்டுக்கொண்டு வந்தார்களாம்.

மறுநாள் காலையில் பெண்கள் வயலில் இறங்கி வரிசையாக நின்றார்கள். நாற்று முடிகள் காலடியில் கிடந்தன. அம்மா குனியவில்லை. வரிசையில் ஒருத்தரும் குனியவில்லை. நான் அப்போது வரப்போரத்து மரத்தில் கட்டிய தூளியில் கிடந்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் இரண்டாம் ஆளாக நின்ற சரோஜா அத்தை சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். மிராசுதாரின் காரியக்காரர் கத்திப் பார்த்திருக்கிறார். பிறகு சங்கத்துக்காரர்களே ஓடி வந்திருக்கிறார்கள். இன்று கிளைச் செயலாளராக இருப்பவர், ஊர் முறையில் எனக்கு மாமா, அப்போது மீசை அரும்பிய வயது. அவர்தான் முன்னால் வந்து பேசினாராம்.

“முதல்ல எங்களுக்கு ஆகட்டும் அக்கா. அடுத்த வருஷம் உங்களுக்கும் கேட்டு வாங்கித் தர்றோம்.”

“சரி தம்பி. அப்ப அடுத்த வருஷம் நாங்க நடறோம். இந்த வருஷம் நீங்க நட்டுக்கங்க” என்றார் அம்மா.

வீம்புக்கு ஆண்கள் சேற்றில் இறங்கினார்கள், அப்பாவும்தான். நட்டதில் பாதி அவர்கள் கண்ணெதிரிலேயே தண்ணீரில் மிதந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் சரோஜா அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியாது. பொழுது சாய்ந்து அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து குப்புறப் படுத்தார். அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டார். மறுநாளும் வயலில் குனியவில்லை. கடைசியில் மிராசுதாரும் இறங்கி வந்தார், சங்கமும் இறங்கி வந்தது. எங்கள் ஊரில் நடவுக்கும் நாற்றுப் பறிப்புக்கும் ஒரே கூலி என்று ஆனது அப்படித்தான்.

ஒவ்வொரு மே தினத்துக்கும் மாமா மேடையேறி, “பெண்களுக்குச் சம கூலி பெற்றுத் தந்தது நம் சங்கம்” என்று முழங்குகிறார். யாரிடமிருந்து பெற்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? பாதியைப் பெண்கள் மிராசுதாரிடமிருந்து பெற்றார்கள். மீதிப் பாதியை, மாமா, உங்களிடமிருந்துதான் பெற்றார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அம்மா சங்கத்தை விடவில்லை. மறியல் என்றால் முதல் வண்டியில் ஏறுவார். போலீஸ் வேனில் இடம் இல்லை என்று இறக்கிவிட்டபோது, சண்டை போட்டுத் திரும்ப ஏறியவர் அவர். தஞ்சாவூரில் நானும் மற்ற ஒப்பந்தச் செவிலியர்களும் பணி நிரந்தரம் கேட்டுப் பந்தலில் உட்கார்ந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்தார். “பேசறதுக்கு யாரு உள்ள போறா? வார்டுல நடக்கறவளா, சங்கம் நடத்தறவனா?” என்று கேட்டார். அதன் பிறகுதான் எங்கள் பேச்சுவார்த்தைக் குழுவில் வார்டில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களைச் சேர்த்தோம்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சங்கத்துக் குடும்பத்தில் சாவு விழுந்தால், உடலை எடுக்கும்வரை ஊர் வயல்களில் ஒரு கால்கூட இறங்காது. கதிர் முற்றிக் கிடந்தாலும் சரி, மழை மிரட்டினாலும் சரி. அப்பா இறந்தபோது அப்படித்தான் நடந்தது. சங்கக் கொடி போர்த்தினார்கள், ஊரே வேலையை விட்டு வந்து நின்றது. அம்மா அழுகைக்கு நடுவிலும் வயல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அந்த மரியாதை அவருக்கு எவ்வளவு பெரிதென்று அன்று தெரிந்துகொண்டேன்.

போன ஆண்டு நடவு நேரத்தில், சிறுநீரகம் பழுதாகிப் பல மாதம் அவதிப்பட்ட அம்மா ஒரு விடியற்காலையில் இதே வீட்டில் கண்ணை மூடினார். பொழுது ஏறியபோது பந்தல் போட்டிருந்தது, உறவுகள் வரத் தொடங்கியிருந்தார்கள். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எதிர் வயலில் ஆட்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அது மாமா குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்யும் வயல். நட்டவர்கள் வங்காளத்திலிருந்து நடவுக்கு வந்திருந்த தொழிலாளர்கள்.

மாலையோடு வந்த மாமாவிடம் கேட்டேன். “மாமா, தெருவுல சாவு கெடக்கு. ஒங்க வயல்ல ஆள் எறங்கியிருக்கே?”

“அவங்க வடக்கத்திக்காரங்கம்மா. நம்ம வழக்கமெல்லாம் அவங்களுக்கு என்ன தெரியும்? நாளைக்கு வேற ஊருக்குப் போயிடுவாங்க. தண்ணியும் முறை வச்சுதான் விடறாங்க.”

“ஒங்களுக்குத் தெரியும்ல?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சங்கத்துச் சாவுன்னா நிறுத்தலாம்மா. சந்தா ஒங்க அப்பா பேர்லதான இருந்துச்சு? அம்மா உறுப்பினர் இல்லையே.”

வீட்டுக்கு ஒரு பெயர், அது ஆணின் பெயர். எங்கள் ஊர்ச் சங்கம் தொடங்கிய நாள் முதல் அப்படித்தான். பெண்கள் மறியலுக்கு வேண்டும், ஊர்வலத்தில் தலையெண்ணிக்கைக்கு வேண்டும், சிறைக்கு வேண்டும். செத்த பிறகு, நீ உறுப்பினரா என்று கேட்பார்கள். தாயின் உடலுக்கு முன்னால் நின்று இதைக் கேட்ட எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்றும் எரிகிறது.

நான் வாய் திறப்பதற்குள் சரோஜா அத்தை ஒப்பாரியை நிறுத்திவிட்டு எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டே வரப்பில் நடந்துபோனார். நான் பின்னால் ஓடினேன். அத்தைக்கு அவர்கள் பாஷை தெரியாது. பந்தலைக் காட்டி, இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் காட்டினார். கொஞ்சம் தமிழ் பழகியிருந்த ஒரு பையன் நிமிர்ந்து, “யாரு? அம்மாவா?” என்றான்.

“ஆமாய்யா, அம்மா. ஒன்ன மாதிரி நட்டவ” என்றார் அத்தை.

அவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். முதலில் வயதான ஒருவர் கையிலிருந்த நாற்றைக் கீழே வைத்தார். பிறகு ஒவ்வொருவராக வரப்பேறினார்கள். வாய்க்காலில் சேற்றைக் கழுவிக்கொண்டு, ஈரத் துணியோடு வந்து பந்தலுக்கு வெளியே நின்றார்கள்.

மாமா என்ன செய்தார் தெரியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களிடம் ஓடினார். “எறங்குங்கப்பா, எறங்குங்க! வேலைய முடிச்சிட்டு வாங்க!” என்று கத்தினார். ஆயுள் முழுக்க மிராசுதார் வயல்களின் வரப்பில் நின்று, ‘ஏறுங்க’ என்று எங்கள் ஆட்களைப் பார்த்துச் சொன்ன வாய் அது. ஒருவரும் இறங்கவில்லை. அவர்களைக் கூட்டிவந்த தரகர் போனில் கத்தியும் இறங்கவில்லை. உடலை எடுக்கும்வரை அங்கேயே நின்றார்கள்.

வேறு வழியில்லாமல் மாமா ஆள் அனுப்பிக் கொடியைக் கொண்டுவரச் செய்தார். அதை நான் தடுக்கவில்லை. கொடியின் மீது எனக்குக் கோபம் கிடையாது, அம்மா உயிராய் நேசித்த கொடி அது. சரோஜா அத்தைதான் மாமாவின் கையிலிருந்து அதை வாங்கி, தானே போர்த்திவிட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், முறைவைத்து உடனிருந்த என் சக செவிலியர்களுக்கும், வந்து நின்ற உறவுகளுக்கும், சரோஜா அத்தைக்கும் அவரோடு நடவு நட்ட அத்தனை பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காகக் கூலியை விட்டு வரப்பேறிய அந்த வங்காளத் தொழிலாளர்களுக்கு இந்த மலர் போய்ச் சேராது. அவர்கள் எந்த ஊர் வயலில் நிற்கிறார்களோ, அங்கே அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இன்று அம்மாவின் படத்தைத் தானே திறந்துவைப்பதாக மாமா சொல்லி அனுப்பினார். படத்தைச் சரோஜா அத்தை திறப்பார் என்று பதில் சொல்லிவிட்டோம். மாமா வரலாம், மாலை போடலாம், சாப்பிடலாம். இந்த ஆண்டும் இது நடவு நேரம். பந்தலில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நீங்கள் தலையைத் திருப்பினால் அந்த வயல் தெரியும். போன ஆண்டு நிறுத்தாத நடவை இன்று ஒரு நாளாவது மாமா நிறுத்தியிருக்கிறாரா, ஆள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால், மாமா மாலையோடு எழுந்து வரும்போது யாரும் வழிவிடாதீர்கள்.