பத்துக்கு எத்தனை சந்தோசம்

நோர்வேயின் வடக்கே, மீன் தொழிற்சாலை ஒன்றை நம்பி நான் வாழ்கிற இந்தச் சின்ன ஊரில், முன்பின் தெரியாத ஒருத்தி தொலைபேசியில் அழைத்து, "உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி? பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்" என்று கேட்கிறாள். என்னோடு வேலை செய்கிற நோர்வேக்காரிகள் இதற்கு யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்களாம். நானோ, "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். முன்பெல்லாம் மக்களின் நலனைப் பொருளியலாளர்கள் வருமானத்தை வைத்தே அளந்தார்களாம்; இப்போது மக்களையே கேட்டு, அரசு எதற்குச் செலவழிக்கலாம் என்று பார்க்கிறார்களாம். நல்ல யோசனைதான். கையில் காசிருந்தும் முகத்தில் சிரிப்பில்லாத எத்தனையோ பேரை இங்கே தினமும் பார்க்கிறேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. வேலைக்கு நேரமாகிறது, பிறகு எடுங்கள் என்று வைத்துவிட்டேன்.

மட்டக்களப்பில் போர்க்காலத்தில் வளர்ந்தவள் நான். வெளியாள் வாசலில் நின்று, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டால், சொன்ன பதில் யார் காதுக்குப் போகுமோ என்று நினைத்து நினைத்தே எங்களுக்குத் தூக்கம் கெடும். அது பழைய கதை. புதிய கதை என் தம்பியுடையது. அவன் இன்னும் அந்தப் பக்கம்தான், கரடியனாறு என்ற ஊரில் வயல் செய்கிறான். கதிர் முற்றும் காலத்தில் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், யானை இறங்கும். இந்த முறை வீட்டுச் சுவரையும் இடித்துவிட்டது. பொழுதுபட்டால், கிளை முறிகிற சத்தம் கேட்கிறதா என்று கவனிக்காமல் அவன் பிள்ளைகள் முற்றத்தில்கூட இறங்குவதில்லை. யானைக்கு மின்வேலி போட ஒரு திட்டம் வந்திருக்கிறது. எந்த ஊருக்கு முதலில் போடுவதென்று தீர்மானிக்க மக்களின் மகிழ்ச்சியையும் அளக்கிறோம் என்று சிலர் போன மாதம் வந்து, அவனிடமும் இதே கேள்வியைக் கேட்டார்கள். என் தம்பி அவர்களுக்கு உட்காரக் கதிரை போட்டு, தயிரும் சீனியும் கொடுத்து, ஒன்பது என்று சொல்லியிருக்கிறான்.

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கு விசராடா?" என்று தொலைபேசியில் கத்தினேன்.

"வீடு தேடி வந்த ஆக்களுக்கு முன்னால அழுதிட்டு நிக்கச் சொல்றீங்களா, அக்கா?"

"அதுக்காக? வேலி வராமப் போனா என்ன செய்வாய்?"

"அவங்க வேலியக் கேக்கல்லயே. சந்தோசமா இருக்கிறீங்களா எண்டுதான் கேட்டாங்க. ஷெல் விழுந்த காலத்த நினைச்சா, இப்ப சந்தோசம்தானே?"

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம். பட்டுப்பட்டுப் பழகியவன் கொஞ்சத்திலேயே நிறைந்துபோகிறான். அந்த ஒன்பதை எடுத்துக்கொண்டு போய், இடிந்த சுவரோடும் இவர்கள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள், வேலி அவசரமில்லை என்று யாராவது முடிவு கட்டினால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? குறையே அறியாத இந்த ஊர்க்காரரின் ஒன்பதும் அவனுடைய ஒன்பதும் ஒன்றென்று எந்தப் பொருளியல் சொல்கிறது? வேலியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

நேற்று அந்தப் பெண், நான் சொன்னபடியே, மறுபடி எடுத்தாள். இந்த முறை நான் தயங்கவில்லை.

"மூன்று போடுங்கள்."

அவள் கொஞ்சம் பதறினாள். "மன்னிக்க வேண்டும், அவ்வளவு குறைவா? உங்களை வருத்துவது என்னவென்று கேட்கலாமா?"

"யானை" என்றேன்.

அவள் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்: "நோர்வேயில் யானை இல்லையே."

"ஓம், இல்லைதான்" என்று என்னையறியாமல் தமிழில் சொன்னேன். அவளுக்கு என்ன விளங்கியதோ, நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அந்த மூன்றைப் பதிந்தாளா, இவளுக்குக் கேள்வி விளங்கவில்லை என்று ஒதுக்கினாளா, எனக்குத் தெரியாது.

பிறகு குப்பையைப் போட வெளியே போகவேண்டியிருந்தது. இங்கே மார்கழியில் மத்தியானமே இருட்டிவிடும். வாசல் முழுக்கப் பனி. கதவைப் பாதி திறந்தவள், கையில் பையோடு அப்படியே நின்று, இருட்டில் ஏதாவது கிளை முறிகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துவிட்டுத்தான் படியில் கால் வைத்தேன்.