கப்பலின் மூடி

மீன் தொழிற்சாலையை மூடியபோது டோர்ட்டே கிராகலுண்டுக்கு இருபத்தாறு வயது. அன்றிலிருந்து டென்மார்க்கின் அந்தச் சின்னத் தீவில் லூத்தரன் தேவாலயத்துப் பணியாள் அவள்தான். மணி அடிப்பாள், வாசலில் பனி தள்ளுவாள், ஆராதனை முடிந்ததும் காபி போடுவாள். வருடத்துக்கு ஒருமுறை, பிள்ளைகள் திடப்படுத்தல் பெற்றுச் சபையின் முழு உறுப்பினராகும் ஞாயிறுக்கு முன்னால், கூரையில் தொங்கும் சின்னக் காணிக்கை மரக்கப்பலை இறக்கித் தூசி தட்டுவாள்.

கப்பலின் முன்முனை எப்போதும் பலிபீடத்தைப் பார்த்தே இருக்கவேண்டும். "நாம எல்லாரும் இதுலதான் கர்த்தர்கிட்ட போறோம்" என்று தீவின் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள். அவளுடைய அப்பாவின் சவப்பெட்டியை வைத்ததும் அதற்கு அடியில்தான். இந்த ஞாயிறு திடப்படுத்தல் பெறுவது அவளுடைய மகள் லேர்கே.

செவ்வாய்க்கிழமை தூரிகை இடறி மேல்தளத்து மூடி கழன்றது. உள்ளே தீக்குச்சி அளவு மரத்துண்டுகள் இடைவெளியே இல்லாமல் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு கரும்புள்ளி, காலில் ஒரு கீறல். எண்ண ஆரம்பித்தாள். அறுபதுக்கு மேல் முடியவில்லை.

சபைக்குழுத் தலைவர் ஐனர் தோரப்பைக் கூப்பிட்டுக் காட்டினாள். கப்பலைக் காணிக்கையாகக் கொடுத்த மாலுமி அவருடைய குடும்பத்து முன்னோர்.

"தெரியும்மா. எங்கப்பா காட்டியிருக்காரு. ஆப்பிரிக்காவுலருந்து மேற்கிந்தியக் கரும்புத் தீவுக்கு அடிமைங்கள ஏத்திட்டுப் போன கப்பல் மாதிரியே செஞ்சது."

"தெரிஞ்சுமா இதுக்கடியில உக்காந்து பாடுறீங்க?"

"ராஜா அனுப்பினாரு, பாதிரியார் ஆசீர்வாதம் பண்ணினாரு. முன்னூறு வருஷம் கழிச்சு நான் என்ன பண்ண? பசை வச்சு ஒட்டு. உன்னத் தட்டச் சொன்னது தூசிய, எங்க குடும்பத்த இல்ல."

ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கப்பலின் அடிவயிறு மட்டும்தான் தெரியும். அப்புறம் எதற்கு இந்தத் தவிப்பு? இத்தனை வருடம் தூசி தட்டியவளுக்கு ஒருமுறைகூட அந்த மூடியைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லையே, ஏன்? அது தெரியாமலா, தெரிய வேண்டாம் என்றா? வியாழக்கிழமை முதியோர் கூட்டத்துக்குத் காபித் தூளே போடாமல் வெறும் வெந்நீரை ஊற்றிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை கப்பலை மாட்டினாள். மூடி அவளுடைய கோட்டுப் பையில் இருந்தது.

ஞாயிறு காலை, வெள்ளை உடுப்பில் நின்ற மகளைக் கையைப் பிடித்து மேலே ஆர்கன் வாத்தியம் இருக்கும் மாடத்துக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்து பார்த்தால்தான் கப்பலுக்குள் தெரியும்.

"அம்மா, ஷூ கடிக்குது. சீக்கிரம் சொல்லு."

"கப்பலுக்குள்ள பாரு. அடிமையா ஏத்திட்டுப் போனவங்க."

லேர்கே குனிந்தாள். பிறகு, "எல்லாரும் இதுலதான் கர்த்தர்கிட்ட போறோம்னு சொன்னியே. இவங்களுமா?" என்று கேட்டாள்.

"நான் சொன்னது தப்புடி. என்ன சொல்லணும்னு இன்னும் தெரியல."

கீழே முதல் வரிசையிலிருந்து ஐனர் அண்ணாந்து பார்த்தார். இறங்கி வரும்படி கையசைத்தார். மணி அடிக்கும் நேரம் தாண்டிவிட்டது. டோர்ட்டே நகரவில்லை.

"வாடி, கூப்பிடுறாங்க," என்றாள் கடைசியில்.

"இரும்மா," என்றாள் லேர்கே, கைப்பிடிச் சுவரை விடாமல். "இன்னும் எண்ணி முடிக்கல."